லினக்ஸ் ரெய்ட்-1 ரீபில்ட் ஊர்கிறதா? வேகத்தைச் சரிபண்ண முழுமையான வழிகாட்டி

கல்முனையில் ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோவாக இருக்கட்டும், காத்தான்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையாக இருக்கட்டும், நம்ம பக்கத்தில் சேர்வர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு பழைய டெஸ்க்டொப்தான். உள்ளே இரண்டு 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க், மேலே டெபியன் அல்லது உபுண்டு, இரண்டையும் எம்டிஏடிஎம் என்ற லினக்ஸ் கருவி கொண்டு ரெய்ட்-1 மிரராக்கி, அதாவது ஒரே டேட்டா இரண்டிலும் இருக்கும்படி ஆக்கி, சம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் வழியாக எல்லாருக்கும் பகிர்ந்திருப்பார்கள். ஒரு டிஸ்க் சாகும்வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செத்த பிறகு கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் புது டிஸ்க் வரும், போட்டு ஆட் பண்ணினால் ரீபில்ட், அதாவது பழைய டிஸ்கைப் புதியதில் முழுதாகக் கொப்பி பண்ணும் வேலை, தொடங்கும், முடிய 31,000 நிமிடம் என்று காட்டும். கணக்குப் பார்த்தால் 21 நாளுக்கு மேல்.

அப்போது இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில், ரீபில்ட் வேகத்தின் மேல் எல்லையான ஸ்பீட்_லிமிட்_மேக்ஸ் என்பதைப் பெரிய எண்ணாக மாற்று என்பதுதான். சுழலும் ஹார்ட் டிஸ்கில் அது அனேகமாக ஒன்றும் செய்யாது. அதன் இயல்பு மதிப்பே 200000, அதாவது செக்கனுக்கு 200 மெகாபைட் மாதிரி, கடைகளில் கிடக்கும் டிஸ்குகளில் பெரும்பாலானவை அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் ரீபில்டைப் பிடித்து வைத்திருப்பது அதன் கீழ் எல்லையான ஸ்பீட்_லிமிட்_மின், அல்லது வன்பொருள். இரண்டில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் மிச்சம் சுலபம்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டேர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள், கீழ்க்கோடு, சாய்கோடு, புள்ளி எல்லாம் இருக்கிற இடத்தில் அப்படியே. மிரரின் பெயரை எம்டி0 என்றும் டிஸ்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்றும் வைத்துக்கொள்கிறேன், உங்களிடம் அது எம்டி127 ஆகவும் இருக்கலாம்.

வேகத்தைத் தொடும் முன்

ரீபில்ட் முடியும்வரை உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. எஞ்சிய பழைய டிஸ்கும் செத்ததும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே வயசு, ஒரே சூடு, ஒரே கரண்ட் வெட்டு. எஞ்சிய அந்த ஒன்றை இப்போது முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரைக்கும் விடாமல் வாசிக்கப் போகிறோம். அதனால் திரும்ப எடுக்க முடியாதவற்றை, கணக்குப் புத்தகம், இன்னும் கொடுத்து முடிக்காத கலியாண வீடியோ போன்றவற்றை, முதலில் ஒரு வெளி டிஸ்கில் கொப்பி எடுங்கள். அது ஓடி முடிந்த பிறகு ரீபில்டைத் தொடங்கினாலும் நட்டமில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால் இரண்டுமே ஊரும்.

படி 1: உண்மையில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

கேட் /புரொக்/எம்டிஸ்டாட்

இது தரும் வரிகளை நிதானமாக வாசிக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

எம்டி0 : ஆக்டிவ் ரெய்ட்1 எஸ்டிபி1[2] எஸ்டிஏ1[0]
1953381440 புளொக்ஸ் சூப்பர் 1.2 [2/1] [யூ_]
ரிகவரி = 3.1% (60554825/1953381440) பினிஷ்=31173.0மின் ஸ்பீட்=1012கே/செக்

[2/1] என்றால் இரண்டு டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் முழுமையாக இருக்கிறது. [யூ_] இல் யூ நலமான டிஸ்க், கோடு இன்னும் நிரம்பாதது. அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்ணும் ஒரு கிலோபைட் புளொக்குகள், செய்ததும் மொத்தமும். கடைசியில் இருக்கும் ஸ்பீட் 1012கே என்பதைப் பாருங்கள். அது ஏறத்தாழ 1000. அந்த எண்ணைக் கண்டால் பாதி நோய் தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஸ்பீட்_லிமிட்_மின் இன் இயல்பு மதிப்பு சரியாக 1000. டிஸ்கால் ஏலாமல் 1012 வரவில்லை, வேறு யாரோ டிஸ்கைப் பாவிக்கிறார்கள் என்று லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் ஒதுங்கி நிற்கிறது. அதுவே 8000, 13000, ஒரு நேரம் 40000 இன்னொரு நேரம் 300 என்று தள்ளாடினால் கதை வேறு, வன்பொருளைத் தேடுங்கள்.

ரிகவரி என்ற சொல் இருக்கும் இடத்தில் வேறு சொல்லும் வரலாம். ரீசின்க் என்றால் இரண்டு டிஸ்கும் உள்ளே இருக்கின்றன, கரண்ட் போனதால் ஒப்பிட்டுச் சரிபண்ணுகிறது. செக் என்றால் ரீபில்டே இல்லை, மாதாந்தப் பரிசோதனை. டெபியன் குடும்பத்தில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்சாமம் இது தானாகத் தொடங்கும், திங்கள் காலையில் கடை திறந்தவர்கள் "சேர்வர் ஸ்லோ" என்று போன் எடுப்பார்கள். செக் ஓடினால் இப்படி நிறுத்திவிட்டு இன்னொரு இரவில் ஓட விடலாம்:

எக்கோ ஐடில் | சூடோ டீ /சிஸ்/புளொக்/எம்டி0/எம்டி/சின்க்_ஆக்‌ஷன்

டிலேய்ட் என்று வந்தால், அதே டிஸ்குகளில் இன்னொரு எம்டி வரிசையில் முன்னால் நிற்கிறது. ரூட்டுக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என்று பிரித்திருந்தால் இது சாதாரணம், விடுங்கள். இரண்டையும் ஒன்றாக ஓட்டவும் வழி இருக்கிறது, ஆனால் டிஸ்கின் தலை அங்கும் இங்கும் ஓடி இரண்டும் கெட்டுப்போகும். பென்டிங் என்று வந்தால் மிரர் இன்னும் வாசிப்பு நிலையில் மட்டும் நிற்கிறது. எம்டிஏடிஎம் --ரீட்ரைட் /டெவ்/எம்டி0 என்று கொடுத்தால் தொடங்கும்.

படி 2: வன்பொருளைக் கேளுங்கள்

இதைத் தாண்டிக்கொண்டு நேராக எண்களை மாற்றப் போகிறவர்கள்தான் அதிகம். கேபிள் கெட்டிருந்தால் எந்த எண்ணும் உதவாது. டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, ஸ்மார்ட் என்பார்கள், இப்படிக் கேட்கலாம்:

சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ
சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிபி

பழைய டிஸ்கில் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட்_பென்டிங்_செக்டர். அது பூச்சியமாக இல்லாவிட்டால் ரீபில்ட் வேகத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்துங்கள். வாசிக்க முடியாத இடங்கள் அந்த டிஸ்கில் இருக்கின்றன, அதை மிரருக்குள் வைத்து வாட்டுவதை விட, மிரரை நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூ கொண்டு புது டிஸ்குக்கு நகல் எடுப்பது பாதுகாப்பு. முதலில் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயலும் கருவி அது.

யூடிஎம்ஏ_சிஆர்சி_எரர்_கவுன்ட் என்ற வரி ஏறிக்கொண்டே போனால் அது அனேகமாக சாட்டா கேபிள் அல்லது அதன் இணைப்பு. கல்லடி, மருதமுனை, சாய்ந்தமருது மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் கறுத்துப் போவது புதிசில்லை. கேபிளை மாற்றுங்கள், அதே கேபிளைத் துடைத்துப் போட வேண்டாம், விலை பெரிசில்லை. அந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது, அதனால் பழைய எண்ணைக் கண்டு பயப்படாமல், மாற்றிய பிறகும் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து கேர்னலின் பேச்சு:

சூடோ டிமெசேஜ் -டி | கிரெப் -ஐ அடா

இதில் டிமெசேஜ் என்று நான் எழுதியிருப்பது டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து, -டி பெரிய எழுத்து, நேரத்தை மனிதர் வாசிக்கும்படி காட்டும். ஹார்ட் ரீசெட்டிங் லிங்க் என்றோ, லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட் டு 1.5 என்றோ வரி கண்டால், இணைப்பு விழுந்து விழுந்து எழும்புகிறது, கேர்னல் தானே வேகத்தைக் குறைத்துவிட்டது என்று அர்த்தம். ரீபில்ட் தள்ளாடுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான்.

புது டிஸ்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டு மிரரில் சேர்த்திருக்கிறீர்களா? யூஎஸ்பி 2.0 என்றால் செக்கனுக்கு 30, 40 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 2 டெராபைட்டுக்கு அது 14 மணித்தியாலம் முதல் 18 மணித்தியாலம் வரை, அதுவும் இடையில் இணைப்பு விழாவிட்டால்.

பிறகு, எஸ்எம்ஆர். இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். சில டிஸ்குகளில் தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து எழுதுகிறார்கள், அதனால் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்திலிருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டி வரும். அதை மறைக்க ஒரு சின்னப் பகுதியில் அவசரமாக எழுதி வைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றும். ரீபில்டில் ஓய்வு நேரமே கிடையாது. தொடக்கத்தில் 150 மெகாபைட்டில் போய், அந்தச் சின்னப் பகுதி நிரம்பியதும் விழுந்துவிடும். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மொடல்கள் எஸ்எம்ஆர் என்று ஒத்துக்கொண்டது, அதற்குப் பிறகுதான் ரெட் பிளஸ் என்ற பெயரில் சிஎம்ஆர், அதாவது தடங்களைச் சாய்க்காத வழமையான டிஸ்குகளைப் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். சீகேட்டில் மலிவான பாராகுடா வரிசையில் எஸ்எம்ஆர் உண்டு, அயன்வுல்ஃப் சிஎம்ஆர். மிரர் ரீபில்ட் நேர்கோட்டில் எழுதிக்கொண்டு போவதால், அந்த நேரம் வேறு யாரும் எழுதாமல் விட்டால் எஸ்எம்ஆர் டிஸ்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் குடை சாயும். பார்சலுக்குக் காசு அனுப்பும் முன் மொடல் இலக்கத்தை வாங்கி, தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு டிஸ்கும் தனியாக என்ன வேகம் தரும் என்று ஹெச்டிபார்ம் சின்ன எழுத்து -டி கொடுத்தால் காட்டும். ஆட்கள் பாவிக்காத நேரம் பார்த்து அளவுங்கள். அந்த எண்தான் உங்கள் கூரை, அதற்கு மேல் எந்த மாயமும் போகாது. இன்னொன்று, டிஸ்கின் வெளி ஓரம் வேகம், உள் ஓரம் கிட்டத்தட்டப் பாதி. ரீபில்ட் 170 மெகாபைட்டில் தொடங்கி 80, 90 இல் முடிந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

படி 3: யார் டிஸ்கைத் தின்கிறார்கள்?

சிஸ்ஸ்டாட் பொதியை இன்ஸ்டோல் பண்ணி,

ஐஓஸ்டாட் -எக்ஸ் 5

ஐந்து செக்கனுக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஸ்கின் நிலையும் வரும். கடைசிப் பத்தி யூட்டில், அது 100 ஐ ஒட்டி நிற்கும் டிஸ்க்தான் தடை. நல்ல ரீபில்ட் ஓடும்போது பழைய டிஸ்கில் வாசிப்பும் புதிய டிஸ்கில் எழுத்தும் ஒரே அளவில் போகும். புது டிஸ்க் 100 இல் நின்று பழையது சும்மா இருந்தால் எழுதுவதுதான் பிரச்சினை, எஸ்எம்ஆர் சந்தேகம் வலுக்கும். பழையது 100 இல் நின்றும் மெகாபைட் கொஞ்சம்தான் என்றால், யாரோ சின்னச் சின்னதாக வாசித்துத் தலையை அலைக்கழிக்கிறார்கள், அல்லது டிஸ்க் சாகப் போகிறது. இரண்டு டிஸ்கும் 20, 30 இல் சோம்பி இருந்தும் ரீபில்ட் 1000 இல் நின்றால், வாழ்த்துகள், உங்கள் பிரச்சினை வெறும் எண்தான், படி 4 இல் தீர்ந்துவிடும்.

யார் என்று பார்க்க சூடோ ஐஓடாப் -ஓ. வழக்கமாகப் பிடிபடுபவர்கள்: இரவு பேக்கப், ஃபைல் பட்டியல் எடுக்கும் அப்டேட்டிபி, சிசிடிவி பதிவு. கமராக்களை அதே மிரரில் பதியும் கடைகள் நிறைய, அவை 24 மணித்தியாலமும் எழுதும், கேர்னலுக்கு டிஸ்க் ஓய்வாக இருக்கிறது என்ற எண்ணமே வராது. புதிசாக மிரர் உருவாக்கி, உடனே ஈஎக்ஸ்டி4 போட்டிருந்தால் ஈஎக்ஸ்டி4லேசிஇனிட் என்ற பெயரும் தெரியும், அது பின்னணியில் ஃபைல் சிஸ்டத்தின் மிச்ச வேலையை முடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

படி 4: மின், மேக்ஸ்

எம்டியின், அதாவது கேர்னலில் ரெய்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதியின், கணக்கு இப்படி. ரீபில்டின் வேகம் மின் ஐ விடக் குறைவாக இருக்கும்வரை யார் பாவித்தாலும் அது விட்டுக்கொடுக்காது. மின் ஐத் தாண்டியதும் டிஸ்கில் வேறு வேலை நடக்கிறதா என்று பார்க்கும், நடந்தால் பின்வாங்கும். மேக்ஸைத் தாண்டினால் யாரும் இல்லாவிட்டாலும் நின்று நின்றுதான் போகும். அலகு, ஒரு டிஸ்குக்குச் செக்கனுக்கு இத்தனை கிலோபைட். பெரும்பாலான கேர்னல்களில் அந்த வேறு வேலை என்பது மிரரில் நடப்பது மட்டுமில்லை, அதே டிஸ்கில் இருக்கும் வேறு பார்டிஷனில் லொக் (சிஸ்டம் பதிவு) எழுதினாலும் சேரும். அதனால்தான் சும்மா கிடக்கும் சேர்வரிலும் சில நேரம் ரீபில்ட் ஊர்கிறது.

இப்போதைய எண்கள்:

சிஸ்சிடிஎல் டெவ்.ரெய்ட்.ஸ்பீட்_லிமிட்_மின் டெவ்.ரெய்ட்.ஸ்பீட்_லிமிட்_மேக்ஸ்

கூட்டுவதற்கு:

சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ டெவ்.ரெய்ட்.ஸ்பீட்_லிமிட்_மின்=50000

இது எல்லா மிரருக்கும் பொதுவானது. ஒன்றுக்கு மட்டும் வேண்டும் என்றால், நான் இதைத்தான் விரும்புவேன்,

எக்கோ 50000 | சூடோ டீ /சிஸ்/புளொக்/எம்டி0/எம்டி/சின்க்_ஸ்பீட்_மின்

சூடோ எக்கோ என்று எழுதி அம்புக்குறி (>) போட்டால் பெர்மிஷன் டினைட் என்று வரும், ஏனென்றால் அந்த அம்புக்குறியின் வேலையைச் செய்வது உங்கள் சாதாரண ஷெல், சூடோ இல்லை. அதுக்குத்தான் டீ. பழையபடி பொது எண்ணுக்குத் திரும்ப, எண்ணுக்குப் பதிலாக சிஸ்டம் என்ற சொல்லை அதே இடத்தில் எழுதினால் போதும். ரீபில்ட் நடுவிலேயே மாற்றலாம், உடனே பிடிக்கும், நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை.

எவ்வளவு போடுவது? 2 டெராபைட் மிரரில், 1000 என்றால் 22 நாளுக்கு மேல். 50000 என்றால் ஏறத்தாழ 10 மணித்தியாலம் 50 நிமிடம். 100000 என்றால் 5 மணித்தியாலம் 25 நிமிடம் சொச்சம். 4 டெராபைட்டுக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள். ஹெச்டிபார்ம் காட்டிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள், 150 மெகாபைட் டிஸ்குக்கு 50000. டிஸ்கால் தரவே முடியாத 500000 ஐ மின் ஆகப் போட்டால், ரீபில்ட் ஒருபோதும் விட்டுக்கொடுக்காது, கடையில் ஒரு எக்செல் ஃபைல் திறக்க நிமிடக்கணக்கு ஆகும்.

மேக்ஸ் எப்போது முக்கியம் என்றால், எஸ்எஸ்டியில். சாட்டா எஸ்எஸ்டி 500 மெகாபைட் வரை தரும், என்விஎம்ஈ அதைவிடப் பல மடங்கு, அங்கே 200000 என்பது உண்மையிலேயே ஒரு வேலி. 600000, 2000000 என்று உயர்த்துங்கள், தாராளமாக. புதிய பெரிய ஹார்ட் டிஸ்குகள் சில வெளி ஓரத்தில் 200 ஐத் தாண்டும், அவற்றுக்கும் கொஞ்சம் கூட்டலாம்.

மாற்றிய பிறகு ஓரிரு நிமிடம் விட்டுப் பாருங்கள்:

வாட்ச் -என் 5 கேட் /புரொக்/எம்டிஸ்டாட்

எண் ஏறி, நீங்கள் போட்ட மின் இல் வந்து நின்றால் டிஸ்குக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. மின் ஐத் தொடாமல் இடையில் நின்றால் கூரையை முட்டிவிட்டீர்கள், இன்னும் கூட்டிப் பயனில்லை.

படி 5: பகலில் ஒன்று, இரவில் ஒன்று

காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர் ரீபில்ட் நேரம் எடுத்த போன்: "தம்பி, ஒரு பில் திறக்கவும் ஏலாமக் கிடக்கு, இத நிப்பாட்டி வெக்க ஏலாதா?" பதில்: "நிப்பாட்டத் தேவல்ல காக்கா, பகல்ல மெதுவா ஓட வெச்சு ராவைக்கு இழுத்து விடுவம்."

குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது கிரான். காலை 8.30க்குக் குறைத்து இரவு 9க்குக் கூட்ட, /ஈடிசி/கிரான்.டி/ அடைவில் ரெய்ட்ஸ்பீட் என்று ஒரு ஃபைல்:

30 8 * * * ரூட் எக்கோ 5000 > /சிஸ்/புளொக்/எம்டி0/எம்டி/சின்க்_ஸ்பீட்_மின்
0 21 * * * ரூட் எக்கோ 100000 > /சிஸ்/புளொக்/எம்டி0/எம்டி/சின்க்_ஸ்பீட்_மின்

இங்கே ரூட்டாகவே ஓடுவதால் அம்புக்குறி சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் ஊர் என்றால் 12 மணிக்குக் கூட்டி 2 மணிக்குக் குறைக்க இன்னும் இரண்டு வரி, கிழமை இடத்தில் 5. புதிய கேர்னல்கள் சிலவற்றில் மின் ஐக் குறைத்தாலும் ரீபில்ட் முழுக்க ஒதுங்குவதில்லை, ஆட்கள் இன்னும் முறைப்பட்டால் பகலில் சின்க்_ஸ்பீட்_மேக்ஸையும் 30000 மாதிரி ஒரு எண்ணுக்கு இறக்குங்கள். மேக்ஸ் கட்டாயமான வேலி, அதை அது மீறாது. இரவில் அதையும் திரும்ப ஏற்ற மறக்க வேண்டாம். ரீபில்ட் முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.

சூட்டையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ஆவணி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஏசி இல்லாத அறையில், இரண்டு டிஸ்கும் மணித்தியாலக் கணக்கில் முழு வேகத்தில் ஓடினால் 50 பாகையைத் தொடும். மேசை டிஸ்குகள் பலவற்றுக்கு 60 பாகைதான் மேல் எல்லை. ஸ்மார்ட்சிடிஎல் வரிகளில் 194 ஆவது டெம்பரேச்சர். மூடியைக் கழற்றி ஒரு மேசை மின்விசிறியை நேரே திருப்பி வையுங்கள், வேறு தந்திரம் ஒன்றும் தேவையில்லை.

பிட்மேப்: கரண்ட் போகும் ஊருக்கு இதுதான் பெரிசு

ரைட்-இன்டென்ட் பிட்மேப் என்பது மிரரின் எந்தெந்தப் பகுதியில் இப்போது எழுத்து நடக்கிறது என்ற குறிப்பு. கரண்ட் திடீரென்று போய் வந்தால், பிட்மேப் இருந்தால் குறித்த பகுதிகளை மட்டும் ஒப்பிட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். இல்லாவிட்டால் முழு 2 டெராபைட்டும். வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில், கார்த்திகை, மார்கழியில், மழையோடு கரண்ட் எத்தனை தரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் முழு ரீசின்க் என்றால் மிரர் வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். எம்டிஸ்டாட்டில் பிட்மேப் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அண்மைக்கால எம்டிஏடிஎம், 100 கிகாபைட்டுக்கு மேற்பட்ட மிரரை உருவாக்கும்போது அதைத் தானாகவே போடும், அல்லது போடவா என்று கேட்கும், பழைய மிரர்களில் இல்லாமல் இருக்கலாம். போடுவதற்கு:

சூடோ எம்டிஏடிஎம் --குரோ --பிட்மேப்=இன்டேர்னல் /டெவ்/எம்டி0

ரீபில்ட் ஓடும்போது இதை ஏற்காது, முடிந்த பிறகுதான். சிலர் ரீபில்டைத் தொடங்கும் முன் பிட்மேப்பைக் கழற்றிவிட்டால் வேகம் என்று எழுதுகிறார்கள். எழுத்து வேலை அதிகமுள்ள மிரரில் ஒரு சின்ன லாபம் இருக்கலாம், ஆனால் ரெய்ட்-1 ரீபில்டில் அது உங்கள் மணித்தியாலங்களை மாற்றப் போவதில்லை, திரும்பப் போட மறந்தால் அடுத்த கரண்ட் வெட்டில் தெரியும். நம்ம பக்கத்தில் அதைக் கழற்ற வேண்டாம் என்பதே என் கட்சி.

புது டிஸ்கை நிரப்ப பிட்மேப் உதவாது, அதற்கு முழுதாகத்தான் கொப்பி ஆக வேண்டும். ஆனால் கேபிள் தளர்ந்து வெளியே விழுந்த அதே டிஸ்க் திரும்பி வந்தால், --ஆட் கொடுப்பதற்குப் பதிலாக

சூடோ எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரீ-ஆட் /டெவ்/எஸ்டிபி1

என்று கொடுங்கள். அது விழுந்த பிறகு மாறிய பகுதிகளை மட்டும் எழுதும். பல மணித்தியால வேலை சில நிமிடத்தில் முடியும், வேகத்தைக் கூட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

இதே மாதிரி இன்னொன்று: டிஸ்க் இன்னும் சாகவில்லை, ஸ்மார்ட் மட்டும் எச்சரிக்கிறது என்றால் அதை ஃபெயில் பண்ணிக் கழற்ற அவசரப்படாதீர்கள். போர்டில் மூன்றாவது சாட்டா இடம் இருந்தால் புது டிஸ்கை ஆட் பண்ணிவிட்டு எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரிப்ளேஸ் /டெவ்/எஸ்டிபி1 --வித் /டெவ்/எஸ்டிசி1 கொடுங்கள். கொப்பி முடியும்வரை பழையது வேலையில் இருக்கும், ஒற்றைப் பிரதியில் நிற்க வேண்டிய நிலை வராது, அப்போது ரீபில்ட் மெதுவாகப் போனாலும் நித்திரை கெடாது.

யூபிஎஸ் பீப் அடிக்கும்போது முறையாக ஷட்டவுன் கொடுத்தால், 1.2 வகை சூப்பர்புளொக் (எம்டிஸ்டாட்டில் சூப்பர் 1.2 என்று வரும்) உள்ள மிரர் எதுவரை எழுதியது என்று குறித்து வைத்து, மீண்டும் எழும்பும்போது அங்கிருந்து தொடரும். பேட்டரி தீரும்வரை விட்டுப் பார்ப்பதில் ஒரு லாபமும் இல்லை.

பயன் தராத குறிப்புகள்

ஸ்ட்ரைப்_கேஷ்_சைஸ் கூட்டு என்பார்கள். அது ரெய்ட் 4, 5, 6 க்கு மட்டும், ரெய்ட்-1 இல் அந்த ஃபைலே இருக்காது. புளொக்டெவ் கொண்டு ரீட்அஹெட் கூட்டு என்பார்கள். ரீபில்ட் அந்த வழியாக வாசிப்பதே இல்லை, ஆட்கள் ஃபைல் வாசிப்பதற்கு உதவலாம், அவ்வளவுதான். சிபியு மாற்று, ராம் கூட்டு என்பதும் மிரருக்கு வேண்டாத செலவு, அங்கே பாரிட்டிக் கணக்கு கிடையாது, வெறும் கொப்பி. டிஸ்கின் கியூ_டெப்த் ஐ 31 இலிருந்து 1 ஆக்கு என்பது மட்டும் சில பழைய டிஸ்குகளில் வேலை செய்யும், சிலவற்றில் இன்னும் மோசமாக்கும்; /சிஸ்/புளொக்/எஸ்டிஏ/டிவைஸ்/ அடைவில் இருக்கிறது, வேறு ஒன்றும் சரிவராவிட்டால் போட்டுப் பார்த்து ஐஓஸ்டாட்டில் அளந்து முடிவெடுங்கள்.

படி 6: ரீபில்ட் நடுவில் டிஸ்க் விழாமல்

மேசைக் கணினிக்கான டிஸ்க் ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 செக்கனில் பொறுமை இழந்து இணைப்பை ரீசெட் பண்ணும், எஞ்சிய ஒரே டிஸ்கில் அது நடந்தால் நல்லதில்லை. முதலில் டிஸ்குக்கே காலக்கெடு கொடுத்துப் பாருங்கள்:

சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஈஆர்சி,70,70 /டெவ்/எஸ்டிஏ

70 என்பது 7 செக்கன். ஆதரவில்லை என்று சொல்லும் டிஸ்கானால் கேர்னலின் பொறுமையைக் கூட்டுங்கள்:

எக்கோ 180 | சூடோ டீ /சிஸ்/புளொக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட்

இரண்டுமே கரண்ட் போய் வந்தால் அழிந்துவிடும், ஸ்டார்ட்அப்பில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் போட்டு வையுங்கள். மின், மேக்ஸ் எண்கள் நிரந்தரமாக வேண்டும் என்றால் அவற்றை /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி/ அடைவில் 90-ரெய்ட்.கொன்ஃப் என்று ஒரு ஃபைலில் எழுதலாம். நான் அங்கே மின் ஐ 10000 க்கு மேல் நிரந்தரமாக வைப்பதில்லை, ஏனென்றால் மாதாந்த செக்கும் அதே எண்ணைத்தான் பின்பற்றும்.

முடிந்த பிறகு

[2/2] [யூயூ] வந்ததும், பூட் ஆகும் டிஸ்குகள் என்றால் புது டிஸ்கிலும் கிரப்-இன்ஸ்டோல் கட்டளையால் பூட் லோடரைப் போடுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த முறை பழைய டிஸ்க் சாகும்போது டேட்டா எல்லாம் பத்திரமாக இருக்கும், மெஷின்தான் எழும்பாது. அந்தக் கிழமைக்குள் ஒரு இரவில் சின்க்_ஆக்‌ஷனில் செக் என்று எழுதி முழுதாக ஒருமுறை ஒப்பிட வையுங்கள், பிறகு அதே அடைவில் மிஸ்மேட்ச்_சிஎன்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ரெய்ட்-1 இல், குறிப்பாக ஸ்வாப் (ராம் பற்றாதபோது பாவிக்கும் டிஸ்க் இடம்) அதே மிரரில் இருந்தால், ஒரு சின்ன எண் வருவது வழமை, பெரிய எண் என்றால் கேபிளையும் ராமையும் சந்தேகியுங்கள்.

கடைசியாக, /ஈடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கொன்ஃப் இல் மெயில்அட்டர் (எம், ஏ, ஐ, எல், ஏ, டி, டி, ஆர் என்ற எட்டு எழுத்து) வரியில் நீங்கள் உண்மையிலேயே திறந்து பார்க்கும் ஒரு முகவரியைப் போட்டு,

சூடோ எம்டிஏடிஎம் --மொனிட்டர் --ஸ்கேன் --வன்ஷொட் --டெஸ்ட்

என்று கொடுத்தால் ஒரு சோதனை மெயில் வர வேண்டும். வராவிட்டால் சேர்வரில் மெயில் அனுப்பும் வழி இல்லை, எம்எஸ்எம்டிபி மாதிரி ஒன்றைப் போட்டு அது வரும்வரை சரிபண்ணுங்கள்.